முட்டுச் சந்தில் ஒரு கடற்கரைப் பயணம்

என் கணவர் வளைகுடாவில் லாரிகளுக்கு ரூட் போடுகிற வேலை பார்க்கிறார். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்தக் கிடங்கில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பார். அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. லீவுக்கு வர மூன்று வாரம் இருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘கடற்கரைப் பயணம் – இறுதி வடிவம்’ என்று இருந்தது.

தென்காசியில் கிளம்பி ஆலங்குளம், திருநெல்வேலி வழியாகத் தூத்துக்குடி. அங்கே கடலைப் பிடித்து, அப்படியே கரையோரமாகத் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. இரண்டு நாள். ஆறு பத்துக்குப் புறப்பாடு, ஏழரைக்கு இட்லி, அதில் குழந்தைக்கு ஒன்றரை. ஏழு ஐம்பதுக்கு உச்சா. உச்சாவுக்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தார். “இவன் உச்சா வருதுன்னு சொல்லுததே போன பொறவுதான்” என்று பதில் அனுப்பினேன். ‘நோட்டட்’ என்று திரும்பி வந்தது. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் ‘நோட்டட்’ என்று ஒரு வார்த்தை வரும் என்று கல்யாணத்தின்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மகனுக்கு அப்போது இரண்டு வயதும் மூன்று மாதமும். அவர் விமானம் ஏறியபோது அவன் குப்புற விழக்கூடத் தெரியாத பிள்ளை. எங்கள் வீடுகளில் அப்பாவை வாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நானும் தினமும் போனைக் காட்டி “வாப்பா சொல்லு, வாப்பா சொல்லு” என்று தொண்டை வற்றக் கெஞ்சியிருக்கிறேன். அவன் அந்த முகத்துக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டான். ஹலோ. போன் அடித்தால் “ஹலோ வந்துட்டு” என்பான். பேசி அலுத்துப்போனால் திரையின் அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு விளையாடப் போய்விடுவான்.

ஆள் நேரில் வந்து இறங்கினார். விமானத்தில் வரும்போதே ஒத்திகை பார்த்திருப்பார் போல, வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். மகன் என் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “ஹலோ” என்றான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தூக்கிக்கொண்டபோது பயல் கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தான். பிறகு கட்டை விரலால் அவர் நாடியில், தாடிக்கு நடுவில், ஓர் அமுக்கு அமுக்கினான். முகம் போகவில்லை. இன்னொரு முறை அமுக்கினான். மூன்றாவது முறை இரண்டு கட்டை விரலாலும் அமுக்கிப் பார்த்துவிட்டு வீல் என்று அலறினான். கட் பண்ணப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது, சொல்லத்தான் மனசு வரவில்லை. மறுநாள் அவரே கண்டுபிடித்தார். உடனே போய்த் தாடியை மழித்துவிட்டு வந்தார், பொத்தான் தாடியில்தான் இருந்தது என்பதுபோல.

“லீவு முடியறதுக்குள்ள ஒரு தடவ வாப்பான்னு கூப்பிட்டுட்டான்னா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார். பெட்டியிலிருந்து துணியை எடுத்து அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். லீவு நாற்பது நாள்.

பதினோரு பக்கத்துக்கும் உள்ளர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரெண்டு நாள் ஒரே காருக்குள்ள இருந்தா எங்க ஓடுவான், என்னைப் பார்த்துத்தான ஆகணும் என்பது அவர் கணக்கு. ஒரு மனுஷனோடு சேர்த்து அடைத்து வைத்தால் பாசம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் கூட்டமான பஸ்ஸில் போனதில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு, வெள்ளோட்டம் பார்க்காமல் பிள்ளையை அவ்வளவு தூரம் கூட்டிப்போக விடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். ‘நோட்டட்’ என்று வாயாலேயே சொன்னார்.

லீவுக்கு வருகிறவர்களுக்கென்றே மாத வாடகைக்குக் கார் விடுகிறவர்கள் ஊரில் உண்டு. வெள்ளைக் கார் ஒன்று வந்து சேர்ந்தது. அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய பாடு. எங்கள் தெரு முட்டுச் சந்து. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்தே ரிவர்ஸில் உள்ளே வந்தால்தான் போகும்போது நேராகப் போகலாம். ஒரு பக்கம் மூடியில்லாத வாறுகால், சாக்கடைத் தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் வீட்டுக்கு வீடு துருத்திக்கொண்டு நிற்கிற படிகள்.

இதற்கென்றே சந்து முனையில் ஒருவர் இருக்கிறார், பெட்டிக்கடை அண்ணாச்சி. சம்பளம் இல்லாத உத்தியோகம். எந்த வண்டி பின்னோக்கி வந்தாலும், கடையில் நிற்கிறவரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, வண்டிக்குப் பின்னால் நின்று, உள்ளங்கையைக் குழித்துத் தன் பக்கமாக வாரி வாரிக் காட்டுவார். “வாப்பா… வாப்பா… வாப்பா… லெஃப்ட்ல ஒடி… ஒடி… வாப்பா… போதும், நில்லு.” வண்டி நின்றதும் டிக்கியில் இரண்டு தட்டு தட்டுவார். சிலிண்டர் வண்டியோ, பந்தல் சாமான் வண்டியோ, ஓட்டுகிறவர் வயசில் பெரியவரோ சிறியவரோ, எல்லாருக்கும் அவரிடம் ஒரே பாட்டுதான். எங்கள் வீட்டுப் பயலுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை உலகத்தில் இல்லை. சந்துக்குள் வண்டிச் சத்தம் கேட்டால் வாயில் இருக்கிற சோற்றைத் துப்பிவிட்டு ஓடுவான். அண்ணாச்சி அவனுக்கென்று எங்கள் படிக்குப் பக்கத்தில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். அதன்மேல் ஏறி நின்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வருவான்.

முதல் வெள்ளோட்டம் குற்றாலத்துக்கு. சாரல் நேரம், போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிடிஎஃப் பதினைந்து நிமிடம் என்றது. போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவர் மகனுக்குக் கடலைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். அருவிக்கு முன்னால் நிறுத்தி வைத்து, “இத மாதிரியே நெறைய தண்ணி. ஆனா மேல இருந்து விழாது. படுத்துக் கெடக்கும்” என்றார். பயல் யோசித்தான். “தண்ணிக்குக் காச்சலா?” என்று என்னிடம் கேட்டான். காய்ச்சல் வந்தால்தான் படுக்க வேண்டும் என்பது நான் சொல்லிக்கொடுத்தது. இந்தக் கேள்விக்குப் பதினோரு பக்கத்தில் எங்கும் பதில் இல்லை.

திரும்பி நடக்கும்போது ஒரு குரங்கு வந்து, தின்பண்டம் இருக்கும் என்று நினைத்து, டயப்பர் பையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறியது. பாக்கெட்டைக் கிழித்து, ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துக் கீழே போட்டது. ஒன்றை மட்டும் ஏதோ பிடித்துப்போய்த் தலையில் கவிழ்த்துக்கொண்டது. இவர் கீழே நின்று கையில் இருந்த பன்னைக் காட்டிப் பேரம் பேசினார். மகன் இடுப்பு நோகச் சிரித்தான். அவர் ஊருக்கு வந்த பிறகு அவன் அவர் பக்கத்தில் நின்று சிரித்தது அதுதான் முதல் தடவை. குரங்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். அன்று ராத்திரி ‘இறுதி வடிவம் 2’ வந்தது. மாற்று டயப்பர் பை ஒன்று சேர்ந்திருந்தது.

இரண்டாவது வெள்ளோட்டம் ஆலங்குளம். பாதித் தூரம்வரை பயல் நல்ல பிள்ளையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, “ஹலோ… ஹலோ…” என்றான். தன்னை அவனாகக் கூப்பிட்ட சந்தோஷத்தில் அவர் வண்டியை ஓரம் கட்டி, சீட்டில் முழுசாகத் திரும்பி, “என்னலே மக்கா, சொல்லு” என்று முகத்தை அருகே கொண்டுபோனார். “வாந்தி” என்று சொல்லி முடித்த கையோடு எடுத்தும் விட்டான். ஒன்றரை இட்லியும் அவர் சட்டையில். ஆலங்குளத்தில் ஒரு குழாயடியில் சட்டையை அலசிவிட்டு, பனியனோடு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பினோம். “முன்கூட்டியே சொல்லிட்டான் பாத்தியா? என்கிட்டதான் சொன்னான்” என்று வழிநெடுகப் பெருமை. அடுத்த வடிவத்தில் ‘வாந்தி – 2 (உத்தேசம்)’ என்று ஒரு கட்டம் முளைத்தது.

கொல்லம் பக்கம் போகலாமே என்று நடுவில் அண்ணாச்சியும் ஒரு யோசனை சொன்னார். செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் கடல்தானே என்றார். “ஆலங்குளம் ரோடு நேர் ரோடு அண்ணாச்சி. அதுக்கே இந்தப் பாடு. மலை வளைவுல போனா நான் சட்டையே போடாம ஓட்டணும்” என்றார் இவர். இப்படி ஆறு வடிவம் ஆனது. ஒவ்வொரு வெள்ளோட்டம் முடிந்தும் அண்ணாச்சியின் பாட்டோடு ரிவர்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். பயல் மட்டும் இன்னும் ஹலோவில்தான் நின்றான்.

லீவில் முப்பத்துமூன்றாவது நாள் பயணத்துக்குக் குறித்தாயிற்று. காலை ஐந்தரைக்கு அவர் மெயின் ரோட்டில் நிறுத்தியிருந்த காரை எடுக்கப் போனார். சாமான் ஏற்ற வண்டி வாசலுக்கு வரவேண்டும். சந்து முனையில் கடை பூட்டியிருந்தது. அன்றைக்கு ஆடிக் கார்த்திகை. அண்ணாச்சி குடும்பத்தோடு பண்பொழித் திருமலைக்கோயிலுக்குப் போய்விட்டார். ஆகவே நான் பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். நான் வாய் திறக்குமுன் பயல் கையை நீட்டினான். உள்ளங்கையைக் குழித்தான். தன் பக்கமாக வாரினான்.

“வாப்பா… வாப்பா…”

எத்தனையோ தடவை அண்ணாச்சி வாயால் கேட்ட வார்த்தை. அண்ணாச்சியின் ‘வாப்பா’வும் எங்கள் வாப்பாவும் ஒரே சத்தம் என்று எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை. அந்தக் கையைப் பார்த்ததும் உறைத்துவிட்டது. அவருக்கு உறைக்கவில்லை. அவர் கையைக் கவனிக்கவில்லை, வார்த்தையை மட்டும் கேட்டார். கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டி, பின்னால் திரும்பி எங்களையே பார்த்தபடி வந்தார். “வாப்பா… வாப்பா…” என்றான் பயல். அவர் வந்தார். “ஒடி… ஒடி…” என்றான். அது அவர் காதில் ஏறவே இல்லை. “ஏங்க, வாறுகால்” என்று நான் கத்தியதும் ஏறவில்லை. இரண்டு வருஷமாக எந்த வார்த்தைக்குக் காத்திருந்தாரோ அதைக் கேட்டுக்கொண்டே, முகம் நிறையச் சிரிப்போடு, பின்சக்கரத்தை வாறுகாலுக்குள் இறக்கினார். டமார் என்று ஒரு சத்தம். முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்று சுற்றியது.

இறங்கி வந்தவர் வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது. “ஏட்டி, கேட்டியா?” என்றார்.

சொல்லியிருக்கலாம். அவன் உங்களைக் கூப்பிடவில்லை, வண்டியைக் கூப்பிட்டான் என்று ஒரே வரிதான். முப்பத்துமூன்று நாளாக அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். “கேட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே நின்று எல்லாருக்கும் போன் போட ஆரம்பித்தார். கார் வாறுகாலில் கிடந்தது.

மதியம் காரை இழுக்க ஒரு டிராக்டர் பிடித்து வந்தார்கள். கோயிலிலிருந்து திரும்பிய அண்ணாச்சி நெற்றியில் விபூதியோடு ஓடி வந்தார். டிராக்டரும் ரிவர்ஸில்தான் சந்துக்குள் வரவேண்டும். அண்ணாச்சி வாய் திறக்குமுன் பயல் சோடாப் பெட்டியில் ஏறிவிட்டான். ஊர் கேட்கிற குரலில், மீசை வைத்த அந்த டிராக்டர்காரரைப் பார்த்துக் கையை வாரினான். “வாப்பா… வாப்பா… ஒடி… வாப்பா…” அவரும் சமர்த்தாக ஒடித்து ஒடித்து வந்தார்.

கயிற்றைக் கையில் பிடித்தபடி என் கணவர் நின்றார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். “உனக்குக் காலையிலயே தெரியுமா?”

“தெரியும்.”

அவர் கடைப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார். காலையிலேயே சொல்லியிருந்தால் வலி கொஞ்சமாக இருந்திருக்கும், இப்போது ஊர் முன்னால் அவமானப்பட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு விஷயம் விளங்க இரண்டு நிமிடம் ஆனது. விளங்கியதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, நான் வேணும்னா இனிமே எல்லாத்தையும் ‘வாங்க சார்’னு கூப்பிடுதேன்” என்றார். சிலிண்டர்காரரைப் போய் அண்ணாச்சி ‘வாங்க சார்’ என்று சொல்வதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காருக்கு அடிப்பாகம் போய்விட்டது. சொந்தக்காரர் வந்து திட்டிவிட்டு எடுத்துப் போனார். கடற்கரைப் பயணம் அதோடு முடிந்தது. அன்று ராத்திரி புது வடிவம் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பால் வாங்கப் போனவர் திரும்பி வந்தார். பயல் வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நான் உள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சந்து முனையில் ஒரு நிமிடம் நின்றார். என்ன தோன்றியதோ, சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். “பீப்… பீப்… பீப்…” என்று வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு, பால் பாக்கெட்டோடு, பின்பக்கமாகவே நடந்து வர ஆரம்பித்தார்.

பயல் பிஸ்கட்டைக் கீழே போட்டான். எழுந்து நின்று கையை நீட்டினான்.

“வாப்பா… வாப்பா…”

அவர் வந்தார். வேண்டுமென்றே வாறுகால் பக்கம் சாய்ந்தார். “ஒடி… ஒடி…” என்று பயல் பதறினான். இந்தத் தடவை ஒழுங்காக ஒடித்தார். ஒரு படியைத் தாண்டினார், இன்னொரு படியைத் தாண்டினார். முதுகு அவன் கைக்கு எட்டியதும், “போதும், நில்லு” என்றான். நின்றார். பயல் அந்த முதுகில் இரண்டு தட்டு தட்டினான். அதுவரை அவராகத்தான் அவனைத் தொட்டிருக்கிறார். அவன் தானாக அவரைத் தொட்டது, அந்தப் பொத்தான் அமுக்கியதை விட்டால், இதுதான். முகம் தெரியாததால் அவர் அழுதது பயலுக்குத் தெரியாது. எனக்குத் தோள் குலுங்குவது தெரிந்தது.

மிச்சம் இருந்த ஆறு நாளும் அவர் எங்கே போனாலும் வீட்டுக்கு ரிவர்ஸில்தான் வந்தார். கறிப்பையோடு வந்தார், தொழுகை முடிந்து தொப்பியோடு வந்தார். சந்தில் ஒருத்தி, “வளைகுடாவுல வெயில் அதிகமோ?” என்று என்னிடம் மெதுவாக விசாரித்தாள். மூன்றாம் நாள் பயல் தட்டிவிட்டு முதுகில் ஏறிக்கொண்டான். அதன்பிறகு வீட்டுக்குள்ளும் வண்டி ஓட்டம்தான். அவனுக்கு அவர் வாப்பாவா, வெள்ளைக் காரா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் என் போனுக்கு ‘இறுதி வடிவம் 7’ வந்தது. தேதி இருக்கவேண்டிய கட்டத்தில் ‘அடுத்த லீவு’ என்று இருந்தது. உச்சாவைப் பத்து நிமிடமாக ஏற்றியிருந்தார்.

விமான நிலையத்துக்குப் போக டாக்ஸி வந்தது. அண்ணாச்சி கொடுத்த வாக்கை மறக்கவில்லை. “வாங்க… வாங்க… ஒடிங்க…” என்று இழுத்து இழுத்து மரியாதையாகக் கூப்பிட்டதில் டிரைவர் குழம்பி, ஒரு படியில் இடித்துவிட்டுத்தான் நின்றார். பெட்டி ஏற்றினோம். அவர் பயலுக்கு முத்தம் கொடுத்தார். பயல் விழுந்தடித்துக்கொண்டு சோடாப் பெட்டியில் போய் ஏறினான், வண்டி நகரப்போகிறதே.

டாக்ஸி நேராகச் சந்தைவிட்டுப் போனது. எங்கள் சந்தில் நேராகப் போன வண்டி எதுவானாலும் ரிவர்ஸில்தான் திரும்பி வரும். பயலுக்கு அது நன்றாகத் தெரியும். கையைக் குழித்து நீட்டினான்.

“வாப்பா… வாப்பா…”

டாக்ஸி போய்க்கொண்டே இருந்தது. பயல் குரலை உயர்த்தினான். “வாப்பா… வாப்பா…” முனையில் பின்பக்க விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டி நின்றது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். கதவைத் திறந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. திறந்தால் நான் தடுக்கமாட்டேன் என்றும் தோன்றியது. நான் சொல்ல வேண்டியதை அண்ணாச்சிதான் சொன்னார். கையை வெளிப்பக்கமாக வீசினார்.

“போப்பா. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு. போப்பா.”

விளக்கு அணைந்தது. வண்டி மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தது. பயல் பெட்டியிலிருந்து இறங்கி அண்ணாச்சியின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அவர் குனிந்ததும், தப்பாகச் சொல்லிவிட்டவருக்குத் திருத்திக் கொடுக்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

“போப்பா இல்ல. வாப்பா.”